சும்மா இருப்பவர்களின் ஊர்

சிவகாசியின் வரலாற்றை யாரிடம் கேட்டாலும் ஒரு பயணத்தில்தான் தொடங்குவார்கள். 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வந்தது. மருந்தைக் கையாளும் பழக்கம் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் இட்டுச்சென்றது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் உள்ளூர்ப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டப்பெயரும் பிறகு சேர்ந்துகொண்டது. அதை நேரு சூட்டினார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையில் பொய் இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில், ஆறும் அணையும் இல்லாத ஊரில், இப்படியொரு தொழிலை நட்டு வளர்த்தது சாதாரணக் காரியமுமல்ல. ஆனால் இது முழுக்க ஆண்களின் கதை. கல்கத்தாவுக்குப் போனவர்கள் ஆண்கள், முதல் போட்டவர்கள் ஆண்கள், சங்கம் வைத்தவர்கள் ஆண்கள். குச்சியை அடுக்கியது யார், பெட்டியை ஒட்டியது யார், வெடியைப் பின்னியது யார் என்று கேட்டால், கதை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: ‘லேபர்’.

ஒரு சிற்றூரை அறிய அரசும் ஆய்வாளர்களும் மூன்று கணக்குகளைப் பார்ப்பார்கள். எத்தனை பேர் வாழ்கிறார்கள், எந்தெந்தச் சமூகத்தவர் வாழ்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள். சிவகாசியின் இந்த மூன்று கணக்குகளிலும் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடிப்பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தீப்பெட்டிக்கு முன்

தீப்பெட்டி வருவதற்கு முன்பே சிவகாசி வணிகர்களின் ஊர். பழைய இராமநாதபுரச் சீமையில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்து நிலைகொண்ட ஆறு ஊர்களில் அதுவும் ஒன்று. விற்கும் சரக்கின்மேல் ‘மகமை’ என்ற பெயரில் ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் எழுந்தன. அந்த நிதியை ஆண்ட ‘உறவின்முறை’, குடும்பத் தலைவர்களின் சபை. தலைவர் என்றால் ஆண்.

அந்தச் சேமிப்புக்குப் பின்னால் அச்சமும் இருந்தது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி வளர்ந்த பகையில், 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைச் சூழ்ந்து தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. தீண்டாமையின் இழிவைச் சுமந்த ஒரு சமூகம், கோயில் வாசலில் மறுக்கப்பட்ட மதிப்பைக் கல்வியாலும் வணிகத்தாலும் பெற்றே தீருவது என்று முடிவுசெய்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அதே ஊரில் தீப்பெட்டி ஆலைகள் வந்துவிட்டன.

சாதி இழிவை எதிர்த்து எழுந்தவர்களின் வரலாற்றை நாம் மரியாதையோடு படிக்க வேண்டும். அப்படிப் படித்துக்கொண்டே இன்னொன்றையும் கேட்க வேண்டும். எழுந்து நின்றவர்கள் தங்கள் ஆலைக்குள் யாரை உட்காரவைத்தார்கள், எந்தக் கூலிக்கு உட்காரவைத்தார்கள்?

‘கையால் செய்தது’

தொடக்கத்தில் வெளிநாட்டு இயந்திரங்களைக் கொண்டுதான் தொழில் நடந்தது. சில ஆண்டுகளிலேயே சிவகாசி கைத்தொழில் முறைக்கு மாறிக்கொண்டது. காரணம் எளிது: இயந்திரத்தைவிடக் கை மலிவு.

அந்தக் கைகள் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தீக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், சட்டத்தின் பள்ளங்களில் வரிசையாக அடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாக் குச்சிகளின் முனையையும் ஒரே நேரத்தில் மருந்தில் தோய்க்க முடியும். வட்டார வழக்கில் இதற்குக் ‘கட்டை அடுக்குதல்’ என்று பெயர். பிறகு உள்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்ட வேண்டும், குச்சிகளை நிரப்ப வேண்டும், லேபிளும் வரி வில்லையும் ஒட்ட வேண்டும், டஜன் டஜனாகக் கட்ட வேண்டும். கணக்கு ‘குரோஸில்’ நடக்கும். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. பட்டாசில் தாளை உருட்டிக் குழாய் செய்வது, திரி வைப்பது, சரவெடி பின்னுவது, பொதிவது. இவற்றில் பெரும்பாலானவை பெண்களின் வேலைகள். மருந்து அலசுவது பொதுவாக ஆணுக்கு ஒதுக்கப்பட்டது. அது ஆபத்து மிகுந்தது, கூலியும் கூடுதல். ஆனால் தீப்பற்றும்போது அது அறை பார்த்துப் பற்றுவதில்லை. பின்னுகிற பெண்ணின் மடியிலும் மருந்துதான் இருக்கிறது.

இங்கே வரிவிதிப்பின் வரலாறு ஒரு வேடிக்கையான சாட்சி. தீப்பெட்டிமீது கலால் வரி 1934-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இயந்திரத்தில் செய்த தீப்பெட்டிக்கு ஒரு வரி, ‘கையால் செய்த’ தீப்பெட்டிக்குக் குறைந்த வரி என்று அரசு பல பத்தாண்டுகள் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகையால்தான் விம்கோ போன்ற பெரிய இயந்திர ஆலைகளோடு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆலைகள் போட்டியிட முடிந்தது. அதாவது, பண்டத்தைப் பார்த்து வரி போட்ட துறைக்கு அது கையால் செய்தது என்று தெரிந்திருந்தது. கை யாருடையது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை. சலுகை கைக்காக வந்தது, சேர்ந்தது உற்பத்தியாளரின் கணக்கில்.

1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் கைகளை எண்ணியது, வேறு விதத்தில். மின்சாரம் இல்லாத இடமென்றால் இருபது பேர் இருந்தால்தான் அது ‘தொழிற்சாலை’. ஆகவே வேலையைச் சிறு சிறு கூடங்களாகப் பிரிப்பதும், பெட்டி ஒட்டுவதை வீடுகளுக்கு அனுப்புவதும் லாபமாயிற்று. முதலாளிக்குக் கூரை வாடகை மிச்சம், மாலை விளக்குச் செலவு மிச்சம், வருகைப்பதிவேடும் மிச்சம். வீட்டுத் திண்ணையில் பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்த பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவளருகில் உட்கார்ந்து ஒட்டிய மகளும் ஏறவில்லை.

மகள்கள்

சிவகாசி உலகச் செய்திகளில் அடிபட்டது குழந்தைத் தொழிலாளர்களால். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் உத்தரவும், 1996 டிசம்பர் 10-ல் விரிவான தீர்ப்பும் வழங்கியது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி இப்பகுதியில் பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941. பதிவேடு காட்டிய குழந்தைகள் மட்டுமே இவர்கள். திண்ணையில் ஒட்டியவர்களும் பதிவில்லாத கூடங்களில் அடுக்கியவர்களும் இதில் இல்லை. இன்னொன்றும் இந்த வரியில் இல்லை. 27,338 பேரில் பெண்கள் எத்தனை பேர், 2,941 பேரில் சிறுமிகள் எத்தனை பேர் என்ற பிரிவு.

வேலைக்குப் போன குழந்தைகளில் பெரும்பகுதி சிறுமிகள் என்பதைக் கள ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லின. கிராமத்து வீடுகளில் கணக்கு இப்படித்தான் ஓடியது: பையன் படிக்கட்டும், பிள்ளை வேலைக்குப் போகட்டும். விடியுமுன் ஊருக்குள் வரும் ஆலை வண்டியில் ஏறியவள் அக்கா, பள்ளிக்கூடத்துக்கு நடந்தவன் தம்பி. அந்தத் தம்பியின் படிப்புக்கு ஆன செலவு குடும்பத்தின் தியாகமாக நினைவில் நிற்கிறது. அக்காவின் கூலி எதுவாகவும் நிற்கவில்லை. ‘குழந்தைத் தொழிலாளர்’ என்ற பொதுச்சொல் உலகின் இரக்கத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால் அதுவே, இது குறிப்பாக மகள்களுக்கு நேர்ந்தது என்பதை மறைக்கவும் உதவியது. சிறுமியை வேலைக்கு அனுப்பியது வறுமை. சிறுவனை விட்டுச் சிறுமியைத் தேர்ந்தெடுத்தது வறுமை மட்டுமல்ல.

அந்த முந்தைய உத்தரவில் வந்த ஓர் ஏற்பாடும் நினைவுகூரத் தக்கது. அபாயமில்லாத பொதிதல் போன்ற பணிகளில் இருக்கும் குழந்தைகளுக்கு, அதே வேலை செய்யும் பெரியவரின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டமே அப்படிச் சொல்லவேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன கொடுத்திருப்பார்கள் என்று மாணவிகள் யோசித்துப் பார்க்கலாம்.

தலைகளின் கணக்கு

மக்கள்தொகைக் கணக்கின்படி சிவகாசி நகராட்சியில் 2001-ல் 72,170 பேர். 2011-ல் 71,040 பேர். பத்தாண்டில் ஊர் சுருங்கிவிட்டதா? ஊர் சுருங்கவில்லை, எல்லையைத் தாண்டி வளர்ந்தது. திருத்தங்கலும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் பெருத்தன. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சி ஆனது. எல்லைக்கோடு எங்கே என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பது கணக்கெடுப்பின் முதல் பாடம்.

2011-ல் இங்கே 1,000 ஆண்களுக்கு 1,012 பெண்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் எண் 996, இந்தியாவின் எண் 943. பெண்கள் கூடுதலாக உள்ள ஊர் என்று மகிழத் தோன்றும். பெண்கள் எண்ணிக்கையில் கூடியிருப்பதும், அவர்கள் மதிப்போடு வாழ்வதும் வேறு வேறு. பெண்ணின் உழைப்பில் ஓடும் ஊரில் பெண்கள் இருப்பார்கள்.

அடுத்த கேள்வி, இந்தப் பெண்களில் எத்தனை பேர் ‘உழைப்பவர்’? இங்கேதான் நம் மொழியின் ஒரு சொல் வந்து நிற்கிறது. ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்கிறார். ‘சும்மாதான் இருக்கேன்.’ பல வீடுகளில் அந்தப் பதிலையும் அவள் சொல்வதில்லை. உள்ளேயிருந்து கணவரோ மாமனாரோ சொல்கிறார்: ‘அவ வீட்ல சும்மாதான் இருக்கா.’ கையில் பசை காயாமல் இருக்கும்போதே இது சொல்லப்படுகிறது.

தமிழில் ‘சும்மா’ எளிய சொல்லல்ல. சும்மா இருத்தலை அடைதற்கரிய நிலையாகப் பாடியவர் தாயுமானவர். துறவிக்கு அது தவத்தின் முடிவில் கிடைப்பது. குடும்பப் பெண்ணுக்கோ முப்பது குரோஸ் ஒட்டி முடித்த பிறகும், யாரும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. கல்லூரிப் படிவங்களில் ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தில் என் மாணவிகள் எழுதும் ‘இல்லத்தரசி’யும் பல நேரம் இந்தச் சும்மாவின் மரியாதையான வடிவம்தான். அரசி என்ற சொல்லுக்குள் தையல் எந்திரமும் பீடித்தட்டும் பசைக்கிண்ணமும் காணாமல் போகின்றன.

குற்றம் பதில் சொன்னவர்களுடையது மட்டுமல்ல. கேள்வியும் மாறிக்கொண்டே வந்தது. 1961 கணக்கெடுப்பு ‘உழைப்பவர்’ என்பதைத் தாராளமாக வரையறுத்தது. அப்போது இந்தியப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் உழைப்பவர்கள். 1971-ல் ‘உங்கள் முதன்மையான செயல் எது?’ என்று கேட்டார்கள். பெண்களில் பெரும்பாலோர் வீட்டுவேலை என்றார்கள். எண் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பத்தாண்டில் உழைக்கும் பெண்களில் பாதிப்பேர் வேலையை விட்டுவிடவில்லை, கேள்விதான் அவர்களை விட்டுவிட்டது. 1974-ல் வந்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை பெண்களின் நிலையைப் பற்றி எழுப்பிய அதிர்ச்சிக்குப் பிறகு, பெண் ஆய்வாளர்களும் இயக்கங்களும் எண்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1981-ல் ‘முதன்மை உழைப்பாளர்’, ‘குறுநிலை உழைப்பாளர்’ என்ற பிரிவு வந்தது. 1991-ல், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் சேரும் என்ற குறிப்பு கேள்விக்குள்ளேயே ஏறியது. ஒரு படிவத்தில் சில சொற்களைச் சேர்க்கப் பெண்கள் இருபதாண்டு போராட வேண்டியிருந்தது.

வேற்றுமையின் கணக்கு

ஊரின் பன்மையை அறியவும் நாம் கணக்கெடுப்பைத்தான் நாடுகிறோம். அது மதத்தைச் சொல்லும். சாதியை 1931-க்குப் பிறகு பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்ற அளவில் மட்டுமே சொல்லும். முதலாளி எந்தச் சமூகம், மேஸ்திரி எந்தச் சமூகம், திண்ணையில் இருப்பவள் எந்தச் சமூகம் என்று எண் சொல்லாது. ஆனால் சிவகாசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலீட்டில் நாடார் குடும்பங்களின் கை ஓங்கியிருந்தது. உழைப்புக்குப் பெண்கள் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்தார்கள். தலித் பெண்கள், பிற்படுத்தப்பட்ட பல சாதிகளின் பெண்கள், நிலமில்லாத நாடார் குடும்பங்களின் பெண்கள். மழை பொய்த்த வருடங்களில் இந்த வரிசை நீளும். ஒரே வண்டியில் ஏறி, ஒரே கூடத்தில் அருகருகே உட்கார்ந்து, ஒரே கூலி வாங்கும் இரு பெண்கள், ஊர் திரும்பியதும் வேறு வேறு குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களாக இருக்கலாம். ஆலை அவர்களைச் சேர்த்தது வேலைக்காக. அந்தச் சேர்க்கை தெருவரை வரவேண்டும் என்று ஆலைக்கு அக்கறையில்லை.

பெண்கள் எல்லோரும் ஒன்று என்று நாமும் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. வசதியான வீட்டுப் பெண் வேலைக்குப் போகாதிருப்பது குடும்பத்தின் கௌரவம். கிராமத்துப் பெண் வேலைக்குப் போவது குடும்பத்தின் சோறு. முதல் பெண்ணுக்குச் சொத்தில் பெயரில்லை, இரண்டாம் பெண்ணுக்குப் பதிவேட்டில் பெயரில்லை. இரண்டும் அநீதிதான். இரண்டின் எடையும் ஒன்றல்ல.

வருமானத்தின் கணக்கு

துண்டுக்கூலிக்கு ஒரு குணம் உண்டு. அது நேரத்தை எண்ணாது, பெட்டியை மட்டும் எண்ணும். சமைத்த நேரம், பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரம், காய்ச்சலில் படுத்த நேரம் எல்லாம் அவள் செலவு. மழை பெய்தால் காயவைக்க வெயிலில்லை, வேலையுமில்லை. தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது முன்பணம். முன்பணம் வாங்கியவள் கூலியைப் பற்றிப் பேரம் பேச முடியாது.

குழந்தைகள் ஆலையைவிட்டு வெளியேறியதும், பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனதும் கடந்த முப்பதாண்டில் இவ்வூர் கண்ட பெரிய மாற்றம். அதே காலத்தில் தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்கள் திரும்பி வந்தன. 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு என்ற வேறுபாடு இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்றானது. ‘கை’க்குக் கிடைத்துவந்த நீண்டகாலச் சலுகை அத்தோடு போயிற்று. பட்டாசில், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்ததும், பேரியம் உப்புகளைத் தடுத்ததும் உற்பத்தியைப் பாதித்தன. நகரத்துக் குழந்தைகள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அந்தக் காற்றின் விலையில் ஒரு பகுதியை வெடி பின்னுகிறவளின் கூலியிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்வி எந்த விவாதத்திலும் முதல் வரிசையில் வரவில்லை.

கணக்கில் இருப்பதன் பொருள்

பெயர் எங்கேயோ எழுதப்பட்டால் என்ன, எழுதப்படாவிட்டால் என்ன என்று தோன்றலாம். விபத்து நடக்கும்போது அது தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் பல உயிர்கள் போயின. பெரிய விபத்துகளுக்கு அரசின் நிவாரணம் வரும், அமைச்சர்களும் வருவார்கள். ஒருவர் இருவராய் இறக்கும் சிறு விபத்துகளில் குடும்பம் முதலில் நிரூபிக்க வேண்டியது, அவள் அங்கே வேலை செய்தாள் என்பதை. மகப்பேற்றுப் பயன் பெறவும் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். வைப்புநிதியும் ஈட்டுறுதி மருத்துவமும் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. வீட்டிலிருந்து செய்வோரின் வேலைக்கென்றே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

வீட்டுவேலையின் மதிப்பு நீதிமன்றங்களுக்கும் வந்தது. சாலை விபத்தில் இறந்த ஒரு பெண்ணுக்கான இழப்பீட்டு வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் 2001 கணக்கெடுப்பைக் கடிந்துகொண்டது. வீட்டைப் பராமரிக்கும் கோடிக்கணக்கான பெண்களை, உழைக்காதவர் என்ற வகையில் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் பாலியல் தொழிலாளர்களோடும் சேர்த்து வைத்திருந்தது அந்தக் கணக்கெடுப்பு. பாலியல் தொழிலாளரையும் உழைக்காதவர் என்று ஒதுக்கலாமா என்பது நாம் தனியே கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர். உதவி என்றில்லாமல் உரிமை என்று பெயரிட்டிருப்பது இந்த நீண்ட வாதத்தின் ஒரு விளைவு.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கவிருப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதியையும் கேட்கப்போகிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சிவகாசி போன்ற ஊர்களின் வேற்றுமை எண்களில் தெரிய வாய்ப்பு வருகிறது. பெண்ணின் உழைப்பு தெரியுமா என்பது வாசலில் சொல்லும் பதிலையும் பொறுத்தது.

மாணவிகள் இதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். கடந்த கணக்கெடுப்புகளின் வரையறைப்படி, முந்தைய ஓராண்டில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர், அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுநிலை உழைப்பாளர். பகுதிநேர வேலையும் வேலைதான், குடும்பத் தொழிலில் கூலியின்றிச் செய்ததும் வேலைதான். பெட்டி ஒட்டிய அம்மா உழைப்பாளர். பீடி சுற்றிய பெரியம்மா உழைப்பாளர். ஆடு மேய்த்த அம்மாச்சி உழைப்பாளர். கணக்கெடுப்பவர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். கேள்வியை அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள். ‘சும்மாதான்’ என்று அவர் தொடங்கினால், போன மாதம் எத்தனை குரோஸ் ஒட்டினார் என்று பக்கத்திலிருந்து நினைவுபடுத்துங்கள்.